புறவாசலில் கடற்புறாக்கள்

ஏழு மணிக்கு இன்னும் மூன்று நிமிஷம். ஏழிலிருந்து எட்டு வரைக்கும் என்று ரெனிட்டா சொல்லியிருக்கிறாள். அவள் உள்ளே இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு எண்ண வேண்டும். நான் புறவாசலில் இந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பறவைகளை எண்ண வேண்டும். இரண்டு பேருக்கும் அதே ஒரு மணி நேரம். டாக்டரம்மா போனில் சொன்னது அவளுக்கு மட்டும்தான். சீனி போட்டுப் பால் குடி, இடது பக்கம் படு, ஒரு மணி நேரம் பொறுத்துப் பார், நாலு தடவையாவது பிள்ளை அசைய வேண்டும், நாலு வரவில்லையென்றால் யோசிக்காமல் கிளம்பி வந்துவிடு. இப்பவே கிளம்பிவிடலாமே என்றேன். டாக்டர் சொன்ன மாதிரி செய்வோம் என்று என் மனைவி அமலி சொல்லிவிட்டாள். பக்கத்து வீட்டு ஆட்டோவை வாசலில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி, அதுவும் வந்து நிற்கிறது. அதற்குப் பிறகு செய்ய ஒன்றும் இல்லாமல் கட்டில் ஓரத்தில் நின்றேன். மகள்தான் விரட்டினாள். "எப்பா, நீங்க இங்கயே நின்னு எம் மூஞ்சியப் பாத்துட்டு இருந்தியன்னா எனக்குப் பயமா இருக்கு. வெளிய போய்ப் பறவைய எண்ணுங்க. நான் இத எண்ணுதேன்." பொங்கலை ஒட்டி நாலு நாள் ஊர் ஊராக ஆட்கள் பறவைக் கணக்கு எடுக்கிறார்கள். இவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வருஷாவருஷம் செய்வாள். இந்த வருஷம் எட்டரை மாதம், தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள், அதனால் நேற்றே என் தலையில் கட்டியிருந்தாள். மருமகனுக்கு ஷார்ஜாவில் இன்னும் விடிந்திருக்காது. அவனிடம் சொல்லவில்லை. சொல்லி அவன் அங்கே என்ன செய்வான். தூரத்தில் இருக்கிறவனுக்குச் சொல்லாமல் இருப்பது நல்லதா கெட்டதா என்று இன்றைக்குவரை எனக்குப் பிடிபடவில்லை.

ஏழு. முருங்கையில் காகம் மூன்று. மதில்மேல் ஒன்று, அது முருங்கையிலிருந்து இறங்கியதா தனியாக வந்ததா? திரும்பிப் பார்க்கிறேன், முருங்கையில் இரண்டுதான். அப்படியென்றால் மூன்றேதான். ரெனிட்டாவின் விதி இது: ஒரே சமயத்தில் கண்ணில் படுகிறது அதிகபட்சம் எத்தனையோ அதுதான் கணக்கு, வந்து வந்து போகிறதையெல்லாம் கூட்டக் கூடாது. கூட்டினால் ஒரே காக்கை ஒரு மணி நேரத்தில் முப்பது காக்கை ஆகிவிடும். உள்ளே இருக்கிறதற்கு அந்த விதி ஆகாது. அது ஒன்றே ஒன்றுதான், அந்த ஒன்று நாலு தடவை தன்னைக் காட்ட வேண்டும். மைனா இரண்டு, கிணற்றுச் சுவரில். தேன்சிட்டு ஒன்று, செம்பருத்தியில் தலைகீழாக. எழுதிக்கொள். பேனா எழுதவில்லை, உதறினால் எழுதுகிறது. தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்துவிட்டன, கருவேப்பிலைக்குக் கீழே சருகைப் புரட்டுகின்றன, ஐந்து, ஆறு, ஒன்று பூந்தொட்டிக்குப் பின்னால் போய்விட்டது, ஐந்து. ராத்திரி படுக்கும்போது உதைத்தது என்றாளே. பத்து மணிக்கு உதைத்தது என்றாள். காலையில் எழுந்து ஆறு மணிக்குக் காப்பி குடித்துவிட்டு, எம்மா, இன்னைக்கு இது சத்தமே இல்லாம கெடக்கு என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அமலி அடுப்படியில் நின்றாள். அவள் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்த விதத்தைப் பார்த்தேன். போடவில்லை. மெதுவாக, ரொம்ப மெதுவாக, சத்தம் வராமல் வைத்தாள். தவிட்டுக்குருவி ஆறு. ஆறு என்றே எழுதுகிறேன்.

அமலி வெளியே வந்துவிட்டாள். அவளையும் மகள் விரட்டியிருக்கிறாள். "போங்கிறா. ஆளு நின்னா அதுக்குத் தூக்கம் வருதாம்" என்று யாரிடமோ சொல்வது மாதிரி சொல்லிவிட்டு, விடியுமுன்னே வாங்கிய சாளை மீனைச் சட்டியோடு கொண்டுவந்து துணி துவைக்கிற கல் பக்கத்தில் வைத்து அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்தாள். செதில் தெறிக்கிறது. இந்தச் சத்தம் எப்படித்தான் அதுகளுக்குக் கேட்குமோ. கடற்கரை இரண்டு தெரு தள்ளி இருக்கிறது, ஏலக் கூடத்தில் இந்நேரம் கூடை கூடையாக மீன் கிடக்கும், அதை விட்டுவிட்டு இவள் எறிகிற குடலுக்கு வருகின்றன. இதோ ஒன்று. தென்னைக்கு மேலே வெள்ளையாக ஒரு திருப்பு. கடற்புறா ஒன்று. இரண்டு. தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்துவிட்டது ஒன்று, சிவந்த கால், கண்ணுக்குப் பின்னால் மை தொட்டு வைத்த மாதிரி ஒரு புள்ளி. மூன்று, நாலு, மதில்மேல் காகத்தைத் தள்ளிவிட்டு இரண்டு, ஆறு. தொட்டி மேல் இருந்தது பறந்துவிட்டது, அதை ஏற்கெனவே எண்ணினேனா? முதலிலிருந்து வா. ஒன்று, இரண்டு. நாற்பது வருஷம் தோணியில் கிடந்தவன் நான், கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் வெங்காயம் ஏற்றி, செங்கல் ஏற்றி, கருவாட்டோடு திரும்பி வந்தவன். கடற்புறாவை நான் எண்ணியதே இல்லை. எண்ண என்ன இருக்கிறது, அது வந்தால் கரை வந்தது. எங்கள் தண்டல், தோணிக்குத் தலைவர், அதைக் கரைக்காரன் என்பார். நாலு நாள் தண்ணீரைத் தவிர ஒன்றையும் பார்க்காமல் கிடந்து, வெங்காய நாற்றத்திலேயே சோறு தின்று, ஒரு காலையில் கண் விழித்தால் பாய்மரத்துக்கு மேலே ஒருத்தன் சும்மா தொங்கிக்கொண்டிருப்பான், சிறகைக்கூட அசைக்காமல். அடுத்தது இரண்டு பேர். பிறகு ஊரே வரும். கரைக்காரன் வந்துட்டான், சவரம் பண்ணுங்கடே என்று தண்டல் சத்தம் போடுவார். ஒரே கண்ணாடித் துண்டை வைத்துக்கொண்டு ஏழு பேர் ஆடுகிற தோணியில் சவரம் பண்ணுவோம். கன்னத்தில் வெட்டு விழாத ஆள் கிடையாது. வீட்டுக்கு வருகிறவன் முகத்தில் ரத்தம் கண்டால் அமலி முதலில் அதைத்தான் கேட்பாள். இப்போது எத்தனை? எட்டு. எட்டா? எட்டு.

ரெனிட்டாவுக்கு நாலு வயதிருக்கும்போது ஒரு முறை ஊரில் இருந்தேன், அவளைத் தோளில் வைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போவேன். ஒண்ணு, ரெண்டு, அஞ்சு என்று எண்ணுவாள். மூணும் நாலும் அவளுக்குப் பிடிக்காது. ஏம்ட்டி மூணு எங்க என்றால், அது பறந்துட்டு என்பாள். அவளுக்கு எல்லாவற்றுக்கும் பதில் இருக்கும். சித்திரை பிறந்ததும் இதெல்லாம் எங்கப்பா போவுது என்று கேட்டாள். மாலத்தீவுக்கு என்றேன். அப்பா போகிற இடத்துக்குத்தான் அதுவும் போகிறது என்று அவள் நம்ப வேண்டும் என்று ஆசை. ரொம்ப நாள் நம்பினாள். பிறகு படித்து, டீச்சராகி, ஒரு நாள் மத்தியானம் இலையில் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள், எப்பா, நீங்க சொன்னது பொய்யி, அது வடக்க பனிமலைக்கு மேல லடாக்குல ஏரிக்கரைலல்லா முட்ட இடுது, கடல்ல பொறக்கவே இல்ல. கடலே பார்க்காமல் மலையில் பிறந்து, சில மாதக் குஞ்சாக இருக்கும்போதே கடல் எங்கே என்று தெரிந்து வருகிறது. நான் சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்துவிட்டேன். நாற்பது வருஷம் கூடவே வந்த ஆளைப் பற்றி ஒன்றும் தெரியாமல் இருந்திருக்கிறேன். இப்போதும்தான் என்ன தெரியும். செம்பருந்து ஒன்று, உயரத்தில். அது நம் தோட்டத்துக் கணக்கில் சேருமா? மேலே பறந்தால் சேரும் என்று சொன்ன ஞாபகம். ஏழு இருபத்திரண்டு. உள்ளே சத்தம் இல்லை. "ரெனிட்டா" என்று கூப்பிட வாய் எடுத்து, வேண்டாம், கூப்பிட்டால் எண்ணிக்கை குழம்பும். அந்த நேரம் அவளே கூப்பிட்டாள். "எப்பா, ஒண்ணு!" நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். "நல்லா உதைச்சுச்சாட்டி?" "உதைக்கல. சும்மா நெளிஞ்ச மாதிரி. அது கணக்குல சேருமான்னு தெரியல." அமலி செதில் தேய்ப்பதை நிறுத்தவில்லை. ஒரு தடவைகூட என்னைப் பார்க்கவும் இல்லை. நான் உட்கார்ந்தேன். ஒன்று. பாதி ஒன்று.

எட்டுக் கடற்புறா, மூன்று காகம், இரண்டு மைனா, கொக்கு ஒன்று எப்போது வந்தது, கிணற்றடியில் சேற்றில் ஒற்றைக் காலில் நிற்கிறது. ஏழு முப்பது. நெளிந்த மாதிரி. அசையவில்லை என்ற வார்த்தை மட்டும் வேண்டாம். அதைத்தான் அமலி இரண்டு நாள் சொல்லிக்கொண்டே இருந்தாளாம், தொண்ணூறாம் வருஷம். மாதம் ஏற ஏற அப்படித்தான், இடம் பத்தாமல் பிள்ளை அடங்கிக் கிடக்கும் என்று வீட்டில் எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். இதை நான் அவள் வாயால் கேட்கவில்லை. பத்துப் பதினைந்து வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் அவள் அண்ணி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. எங்களுக்கு முதல் பிள்ளை அது. நான் ஜனவரி நாலாம் தேதி தோணி ஏறினேன், பிள்ளைக்கு முன்னால் திரும்பிவிடலாம் என்று கணக்கு. மாலத்தீவில் மாலே துறைமுகத்தில் சரக்கு இறக்க இடம் கிடைக்காமல் வெளியிலேயே நங்கூரம் போட்டுக் கிடந்தோம், பத்து நாள், பன்னிரண்டு நாள், கடைசியில் இறக்கி, பிள்ளைக்கு என்று குடை மாதிரி விரிகிற சின்னக் கொசுவலை ஒன்று வாங்கி, நாற்பத்தாறு நாள் கழித்து ஊருக்கு வந்தேன். அன்றைக்கும் கரைக்காரன் வந்தான். அன்றைக்கும் சவரம் பண்ணினோம். பழைய துறைமுகத்தில் மச்சினன் செல்வராயன் சைக்கிளோடு நின்றான். வழக்கமாக வரமாட்டான். மச்சான், பிள்ள தங்கல என்றான். என்ன பிள்ள என்றேன். பையன் என்றான். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்தோம், ஏறவில்லை, இரண்டு பேருக்கும் ஏறத் தோன்றவில்லை. வீட்டில் அமலி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். இதே கல். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, மெலிஞ்சிட்டிய என்றாள், சோறு வைக்கவா என்றாள். நான் குளித்தேன். சாப்பிட்டேன். மீன் குழம்பு. என்ன மீன் என்றுகூட ஞாபகம் இருக்கிறது, ஊளி. அவள் எதிரே உட்கார்ந்து எனக்கு முள் எடுத்துப் போட்டாள். அந்த வீட்டில் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் கேட்கலாம் என்று இருந்தேன். மறுநாள் என்பது ஒரு வாரம் ஆனது, ஒரு மாதம் ஆனது, அடுத்த தோணி ஏறினேன். பிறகு ரெனிட்டா வந்தாள், பிறகு கேட்பதற்கு அது இடமே இல்லை என்று ஆகிவிட்டது. ரெனிட்டாவுக்கு இது தெரியாது. நாங்கள் சொன்னதில்லை.

ஏழு நாற்பத்தொன்று. ஒன்றுதான். பத்தொன்பது நிமிஷத்தில் மூன்று வர வேண்டும். வந்துவிடும். வராவிட்டால்? ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் பதினைந்து நிமிஷம், ரயில்வே கேட் போட்டிருந்தால் இருபத்தைந்து. இப்போது கிளம்பினால் என்ன. எதற்கு இந்த ஒரு மணி நேரம், யாருக்குச் செய்கிற பரீட்சை. கடற்புறா ஒன்று இறங்கி அமலியின் காலடியிலிருந்தே குடலைக் கொத்திக்கொண்டு போகிறது, மற்றதெல்லாம் அதன் பின்னால் கத்திக்கொண்டு. ஒன்பது? பத்து? எண்ண முடியவில்லை, ஒன்றுக்குள் ஒன்று புகுந்து புகுந்து போகின்றன. எழுந்து ஜன்னலுக்குப் போனேன். கம்பி வழியாகத் தெரிந்தது. ரெனிட்டா கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள். வலது உள்ளங்கை வயிற்றின் மேல், விரல்கள் விரிந்து, கடலில் மிதக்கிற சாடியை அலை கொண்டுபோகாமல் பிடித்திருக்கிற மாதிரி. உதடு அசைகிறது. அருள்நிறை மரியே சொல்கிறாளா, பிள்ளையிடம் பேசுகிறாளா. வா, வா என்று கேட்டது மாதிரி இருந்தது. நாலு வயதில் மூணையும் நாலையும் பறக்கவிட்ட பிள்ளை இப்போது அவற்றைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. நான் தாங்க மாட்டாமல் திரும்பினேன். "அமலி, கிளம்பிருவோம். எட்டு வரைக்கும் எதுக்கு." அவள் மீனைப் பார்த்தபடியே சொன்னாள். "அவ பையில துணி எடுத்து வச்சிட்டேன். டாக்டரம்மா சீட்டு, ஸ்கேன் எல்லாம் உள்ள இருக்கு. ஆட்டோக்காரன்ட்ட ஏழேமுக்காலுக்கு வண்டிய ஸ்டார்ட் பண்ணச் சொல்லிருக்கேன். நான் எட்டு வரைக்கும் இருப்பேன்னு நெனச்சியளா?" அப்போதுதான் பார்த்தேன், அவள் புதுச் சேலை கட்டியிருந்தாள். மீன் கழுவுகிறவள் புதுச் சேலையில். காலையிலிருந்தே அவள் பாதி வழியில் இருந்திருக்கிறாள், நான்தான் பறவையைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். வாசலில் ஆட்டோ உறுமியது. அந்தச் சத்தத்துக்கோ என்னவோ, உள்ளே ரெனிட்டா, "எம்மா!" என்று அலறினாள்.

நான் ஓடினேன். எதில் கால் இடறியது என்று தெரியவில்லை, முழங்கால் கதவில் இடித்தது. "ரெண்டு," என்றாள் ரெனிட்டா. "மூணு. எப்பா, வேண்டாம், பேசாதிய, மூணு, நாலு! எப்பா, எங்கயோ உருளுது, பாருங்க, இங்க பாருங்க!" நைட்டிக்கு மேலே விலாவோரம் ஒரு மேடு எழுந்து, நகர்ந்து, அமுங்கியது. என் கையை இழுத்து வைத்தாள். நான் என் பிள்ளைகள் யாரையும் இப்படித் தொட்டதில்லை, கடலில் கிடந்தேன். உள்ளேயிருந்து ஒரு குட்டிக் கால், குதிகாலாக இருக்க வேண்டும், என் உள்ளங்கையைத் தள்ளியது. அவ்வளவு பலம். அவ்வளவு அலட்சியம். "அஞ்சு," என்றேன் நான். ரெனிட்டா சிரித்தாள், அழுதாள், மூக்கை என் தோளில் துடைத்தாள். "தூங்கிட்டு இருந்திருக்கு மூதேவி. ஆட்டோ சத்தத்துல முழிச்சிட்டு." டாக்டரம்மாவுக்கு அவளே போன் போட்டாள். நல்லது, ஆனாலும் ஒரு எட்டு வந்து காட்டிவிட்டுப் போ என்றாராம். அம்மாவ எங்க என்றாள். நானும் அப்போதுதான் பார்த்தேன், அமலி உள்ளே வரவில்லை.

அவள் அரிவாள்மணை முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். கழுவி முடித்த மீனை எடுத்து மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தாள், அதில் செதிலே இல்லை. "அமலி, அசைஞ்சிட்டு. அஞ்சாறு தடவை. எங் கையிலயே உதைச்சிட்டு." "கேட்டுச்சு," என்றாள். "உள்ள வா." "வாரேன். நீங்க போங்க." போகவில்லை. ஈரத்தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன், வேட்டி நனைந்தது. அவள் தோள் குலுங்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன். சத்தமே இல்லை. முப்பத்துநாலு வருஷம் நான் மறுநாள் மறுநாள் என்று தள்ளிப்போட்ட வார்த்தை, யோசிக்காமல், இருமல் மாதிரி வந்துவிட்டது. "அவன் எப்படி இருந்தான், அமலி?" யார் என்று அவள் கேட்கவில்லை. மீனைச் சட்டியில் வைத்தாள். "கருப்பா. தல நெறைய முடி. நகம்கூட வளந்திருந்துச்சு. காட்ட மாட்டேன்னாவ. நான் கேட்டுக் கேட்டு ஒரு தடவ காட்டுனாவ. தூங்குத மாதிரியேதான் இருந்தான்." சட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு, "வார இருவத்தொம்பதோட முப்பத்துநாலு முடியுது," என்றாள். என்ன பேர் வைத்தாய் என்று கேட்டேன். "வைக்கல. ஞானஸ்நானம் குடுக்காத பிள்ளைக்குப் பேரு எதுக்குன்னுட்டாவ. நீங்க வந்து கேப்பிய, ரெண்டு பேருமா வச்சுக்கிடுவோம்னு இருந்தேன். நீங்க வந்திய, குளிச்சிய, சாப்பிட்டிய." அவள் குரலில் குற்றம் இல்லை, நடந்ததைச் சொல்கிற குரல், அதுதான் என்னைக் கொன்றது. "பயமா இருந்துச்சுட்டி. கேட்டா நீ ஒடஞ்சிருவன்னு நெனச்சேன்." "நான் ஒடஞ்சிதான கெடந்தேன்," என்றாள். "நீங்க கேட்டா சேத்து எடுத்துக்கிடலாம்னுதான் இருந்தேன்." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், புதுச் சேலை என்பது மறந்து. பிறகு முதல் முறையாக என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க ஏதும் பேரு நெனச்சு வச்சிருந்தியளா?" வைத்திருந்தேன். மாலேக்கு வெளியே நங்கூரத்தில் கிடந்த பன்னிரண்டு நாளும் பேர் தேடுவதுதான் எனக்கு வேலை. பையன் என்றால் இது, பெண் என்றால் இன்னொன்று. ஒருத்தரிடமும் சொன்னதில்லை. "மனுவேல்," என்றேன். "மனுவேல்," என்று சொல்லிப் பார்த்தாள், உள்ளறையில் தூங்குகிறவனை எழுப்பாமல் கூப்பிடுகிற குரலில். இன்னொரு தடவை சொன்னாள். "நல்ல பேருதான்," என்றாள். அப்புறம் என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள், கை முழுக்க மீன், என் சட்டை முழுக்க மீன். "இந்தச் சட்டையோட ஆஸ்பத்திரிக்கு வராதிய. மாத்திட்டு வாங்க, நான் பிள்ளயக் கைத்தாங்கலா ஆட்டோவுல ஏத்துதேன்."